நூறு வாட் என்று எழுதியிருந்தது

போன ஞாயிற்றுக்கிழமை கோழிக்குழம்பு சாப்பிடப் போன இடத்தில் கோழிக்குஞ்சுகளைக் காப்பாற்ற வேண்டியதாகிவிட்டது.

இடம், திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் என் கொழுந்தியாள் பூங்கொடியின் தோட்டம். நாட்டுக்கோழிப் பண்ணை வைக்கப்போகிறேன் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பயிற்சிக்குப் போனாள். ஷெட்டும் போட்டுவிட்டாள். அவள் கணவர், அதாவது என் சகலை தங்கவேல், போர்வெல் போடும் ரிக் வண்டியில் மேனேஜர். அவர் கட்சி வேறு.

"ஒரு தடவ வுட்டுப் பாரு. பொழச்சா உம்பட அதிர்ஷ்டம். செத்துதுன்னா ஷெட்டுல நான் வண்டிச் சாமான் போட்டுக்குவேன்" என்று சொல்லிவைத்திருந்தார்.

நான் போனபோது குஞ்சுகள் வந்து இறங்கியிருந்தன. ஐந்நூறு! வெளியே கார்த்திகைத் தூறல். தகரத் தடுப்புக்குள் உமி பரப்பி, மேலே பத்து குண்டு பல்பு தொங்கவிட்டிருந்தாள். வெளிச்சத்துக்கு அல்ல, சூட்டுக்கு. தாய்க்கோழி இறக்கைக்குப் பதில் பல்பு.

பூங்கொடி முகம் சரியில்லை.

"மாமா, வந்து பாருங்க. அத்தனையும் பல்புக்குக் கீழயே ஒண்ணு மேல ஒண்ணு ஏறுதுங்க. குளுருது அதுங்களுக்கு. இப்படியே வுட்டா அடியில கெடக்கறது நசுங்கியே செத்துரும்."

பண்ணைக்காரர்களுக்குத் தெர்மாமீட்டர் தேவையில்லை. குஞ்சு குவிந்தால் குளிர். ஓரத்துக்கு ஓடினால் புழுக்கம். பரவி மேய்ந்தால் சரி. இங்கே குவிந்த குவியலைப் பார்த்தால் எனக்கே ஸ்வெட்டர் வேண்டும் போலிருந்தது.

"பல்பு பத்தலையோ என்னமோ..." என்றேன், நிபுணர் தோரணையில்.

"குஞ்சுக்கு ரண்டு வாட்டுன்னு சொல்லிக்குடுத்தாங்க. நூறு வாட் பல்பு பத்து. கணக்கு சரிதானுங்க."

"பல்பு மேலயே எழுதியிருக்குதுங்களே சகலை, நூறு வாட்டுன்னு" என்றார் தங்கவேல். "அப்பறம் எங்கீங்க போகும்?"

நான் பி.எஸ்சி. பிசிக்ஸ். அந்தப் பட்டத்தை வைத்து இதுவரை நான் சாதித்தது, கல்யாணப் பத்திரிகையில் போட்டுக்கொண்டது மட்டும்தான். ஆனாலும் ஒன்று உறுத்தியது. பல்புகள் குத்துவிளக்கு நிறத்தில் எரிந்தன.

"சகலை, வோல்டேஜ் பாக்கற மீட்டர் இருக்குங்களா?"

ரிக் வண்டிக்காரரிடம் இல்லாமலா? வீட்டு பிளக்கில் வைத்துப் பார்த்தார். இருநூற்று இருபத்தைந்து வோல்ட். ஷெட்டில் பார்த்தார். நூற்று எழுபது!

குஞ்சு வந்த அட்டைப்பெட்டியின் மூடியில் கணக்குப் போட உட்கார்ந்தேன்.

பல்பின் மேல் நூறு வாட் என்று மட்டுமா எழுதியிருக்கிறது? பக்கத்திலேயே பொடி எழுத்தில் 230 வோல்ட் என்றும் இருக்கிறது. பொடி எழுத்தை நாம் எங்கே படித்தோம்? நூறு வாட்டை 230ஆல் வகுத்தால் கரண்ட், சுமார் 0.43 ஆம்பியர். 230 வோல்ட்டை அந்தக் கரண்டால் வகுத்தால் பல்பின் ரெசிஸ்டன்ஸ், ஏறத்தாழ 530 ஓம். இப்போது வருவதோ 170 வோல்ட். அதை 530ஆல் வகுத்தால் கரண்ட் 0.32. அதை 170ஆல் பெருக்கினால்... 544 வாட்!

"மாமா, புள்ளிய எங்கீங்க வுட்டீங்க?" என்றாள் பூங்கொடி.

சரி, 54 வாட். வோல்டேஜ் கால் பங்குதான் குறைந்திருக்கிறது. சூடு பாதியாகிவிட்டது! வோல்டேஜ் இறங்கினால் கரண்டும் கூடவே இறங்குகிறது. சம்பளம் குறைந்த மாதம் மரியாதையும் சேர்ந்து குறையுமே... அதே கதைதான்.

அப்படியானால் நடுவில் ஐம்பத்தைந்து வோல்ட்டைத் தின்றது யார்?

ஒயரைப் பிடித்துக்கொண்டே வேலியோரமாக வீடு வரை நடந்தோம். வாசல் கூரைக்கடியில் ஒரு பெரிய சுருள். கோயில் நோம்பிக்கு, அதாவது திருவிழாவுக்கு, சீரியல் லைட் கட்ட வாங்கிய மெல்லிய ஒயர். தேவைப்பட்டது பாதிதான். மீதியை வெட்டாமல் அப்படியே சுருட்டிப் போட்டிருந்தார் சகலை.

"வெட்டுனா அடுத்த நோம்பிக்கு ஒட்டுப் போட்ட ஒயருங்களா கட்டறது?"

எங்கள் பக்கத்தில் நிச்சயம் செய்த கல்யாணத்தைக் கூட முறிப்பார்கள். நீள ஒயரை வெட்ட மாட்டார்கள்.

அந்தச் சுருளின் மேல் ஒரு பூனை கண் சொக்கிப் படுத்திருந்தது. ஸ்விட்சை அணைத்துவிட்டுத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுவென்று இருந்தது! 55 வோல்ட், பத்து பல்புக்குமான கரண்ட் 3.2 ஆம்பியர். பெருக்கினால் 176 வாட். மெல்லிய நீள ஒயர் வழியிலேயே தின்றது அவ்வளவு. குஞ்சைத் தின்ன வந்த பூனை, குஞ்சுக்குப் போக வேண்டிய சூட்டில் குளிர் காய்ந்துகொண்டிருந்தது.

"ஏனுங்க, பரண் மேல மோட்டார் கேபிள் இருக்குதுல்ல? நல்ல தடியா?" என்றாள் பூங்கொடி.

"அது போர்ல எறக்கறதுக்கு!"

"இப்பவா எறக்கப் போறீங்க?"

"அது புதுசு சாமி..."

"குஞ்சும் புதுசுதானுங்க."

சகலை என்னைப் பார்த்தார். நான் அட்டைப்பெட்டியைப் பார்த்தேன். மனிதர் பரண் ஏறினார்.

கேபிளை மாற்றி ஸ்விட்சைப் போட்டதும் பல்புகள் பளீரென்றன. மீட்டரில் 220. மூன்று பேரும் தகரத்தைச் சுற்றி நின்றோம். வெகு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு குவியலின் மேலிருந்து ஒரு கறுப்புக் குஞ்சு உருண்டு இறங்கியது. உடம்பை உதறிக்கொண்டு தீவனத்தைக் கொத்தியது. பின்னாலேயே இரண்டு, பத்து... கொஞ்ச நேரத்தில், தட்டில் கொட்டிய பொரி மாதிரி தடுப்பு முழுக்கப் பரவிவிட்டன. நசுங்கியது ஒன்றுகூட இல்லை. பூங்கொடி உமி மூட்டை மேல் பொத்தென்று உட்கார்ந்து சிரித்தாள்.

அதற்குள் சகலை போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

"ஆமாப்பா, நம்ம பண்ணைதான். வோல்டேஜ் கால் பங்கு கொறஞ்சாலே சூடு பாதி போயிரும், பாத்துக்க. படிச்சவிங்களுக்கே இதெல்லாந் தெரியறதில்ல!"

நான் மறுக்கவில்லை. 'நம்ம பண்ணை' என்று அவர் வாயால் வந்துவிட்ட பிறகு, கணக்கு யார் போட்டால் என்ன?