பதினேழு வளைவும் ஒரு சிவப்பு விளக்கும்

போன புதன்கிழமை போடிமெட்டிலிருந்து காரில் தனியாக இறங்கிக்கொண்டிருந்தேன். பாதி மலையில், ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் பளிச்சென்று ஒரு சிவப்பு விளக்கு. ஒரு வட்டம்... அதற்குள் ஓர் ஆச்சரியக்குறி.

வளைவு முடிந்ததும் அணைந்துவிட்டது. எனக்குத்தான் அணையவில்லை.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். கேஸை மூடினோமா இல்லையா என்று மதுரை வரை போய்விட்டுத் திரும்பி வந்தவன் நான். அப்படிப்பட்ட ஆளிடம் ஆச்சரியக்குறியைக் காட்டலாமா? அதுவும் சிவப்பில்?

எங்களுடையது பதினாலு வருஷத்துப் பழைய டீசல் கார். மூன்று கை மாறி வந்தது. இந்தச் சிவப்பு விளக்குக்கு இரண்டே அர்த்தம்தான். ஒன்று, கைபிரேக் போட்டிருக்கிறது. அல்லது, பிரேக் ஆயில் குறைந்திருக்கிறது. கைபிரேக்கை இறக்கித்தான் வைத்திருந்தேன். சந்தேகத்துக்கு இன்னும் கொஞ்சம் இறக்கிப் பார்த்தேன் — அது எங்கே இறங்கும்?

வேறு சமயமாக இருந்தால் காரை ஒரு மாதம் ஷெட்டில் போட்டுவிட்டு பஸ்ஸில் திரிந்திருப்பேன். இப்போது அது முடியாது. படிப்பை முடித்துவிட்டு ஒரு வருஷமாக வீட்டிலிருந்த என் மகள் வனிதாவுக்கு, மலைக்கு மேலே பூப்பாறைப் பக்கம் ஒரு கிளினிக்கில் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். காலையில் தோட்டத்து ஜீப்பில் ஏறிப் போய்விடலாம். ஆனால் அவளுக்கு ஐந்து மணி வரை டூட்டி. ஜீப்பெல்லாம் அதற்கு முன்பே ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்கிவிடும்; அந்த நேரத்துக்குப் பஸ்ஸும் கிடையாது. கார் இருந்தால் அந்த வேலை. இல்லையென்றால் இல்லை.

“காரு வேண்டாம் ஆத்தா. பிரேக் லைட்டு எரியுது,” என்றேன்.

“இது எரியலைன்னா வேற ஏதாச்சும் எரியுதும்பீங்க,” என்றாள் வனிதா. “சனிக்கிழமை வரைக்கும் டைம்ப்பா. கோளாறு என்னன்னு கண்டுபிடிங்க, சரி பண்ணுவோம். கண்டுபிடிக்க முடியலைன்னா, கோளாறு காருல இல்ல, உங்ககிட்டதான் இருக்கு. பேசாம சாவியக் குடுத்துரணும்.”

நியாயமான பேச்சுதான். அதனாலேயே பயமாக இருந்தது.

வியாழக்கிழமை காலையில் மெக்கானிக் பாண்டியிடம் போனேன். போடியில் பத்து வருஷமாக என் கார்களையும் என்னையும் பொறுத்துக்கொண்டிருப்பவர். ஒரு சின்னக் கருவியை ஸ்டீயரிங்குக்கு அடியில் செருகி, செல்போனில் பார்த்தார்.

“ஒரு தப்பும் காட்டலைண்ணே.”

“அது இன்ஜினைத்தானே பாக்கும்? பிரேக்கைப் பாக்குமா?”

பானெட்டைத் திறந்தார். பிரேக் ஆயில் டப்பாவில் குறைந்தபட்ச அளவுக்கு ஒரு கோடு போட்டிருக்கும். ஆயில் அதற்கு நூலளவு மேலே நின்றது. பெடலை மிதித்துப் பார்த்தார். நான்கு சக்கரத்திலும் ஒழுகல் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். தேவாரம் ரோட்டில் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்தார். விளக்கு எரியவே இல்லை.

“ஆயிலு கோட்டுக்கு மேலதான் இருக்கு. சென்சார்ல ஈரம் கீரம் எறங்கிருக்கும்ண்ணே. வேணும்னா ஒண்ணு செய்யவா?”

“என்ன?”

“பல்பைப் புடுங்கிவிட்டுர்றேன். நீங்களும் நிம்மதியா இருப்பீங்க, நானும் நிம்மதியா இருப்பேன்.”

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். சென்சார் என்றால் என்ன என்று எதிர்த்துக் கேட்க எனக்குப் படிப்பு இல்லை. ஆனால் எழுத வருவதற்கு முன்னால், ஏலக்காய் ஏலத்தில் பல வருஷம் சாம்பிள் பிரித்தவன். எங்கள் ஊரில் காயை எப்படிப் பார்ப்பார்கள் தெரியுமா? லாட் என்கிற ஒவ்வொரு காய்க் குவியலிலிருந்தும் ஒரு கை காயைத் தட்டில் கொட்டி, நிறம், பருமன், வெடிப்பு எல்லாம் பார்த்து, லாட் நம்பருக்கு நேரே ஒரே வார்த்தை எழுதுவார்கள். கடைசி லாட் வரை பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள்.

நான் பார்த்தது ஒரு வளைவைத்தானே? மலையில் பதினேழு லாட் இருக்கிறதே.

சனிக்கிழமை காலை வனிதாவையும் ஒரு நோட்டையும் ஏற்றிக்கொண்டு போடிமெட்டுக்குப் போனேன். மேலே காரைத் திருப்பி நிறுத்தினேன். மூடுபனி விலகி, கீழே போடி தெரிந்தது.

“ஒண்ணுலேர்ந்து பதினேழு வரைக்கும் நம்பர் போட்டுக்க. நான் சொல்றத மட்டும் எழுது.”

“கிளாஸ்ல கூட இப்படி டிக்டேஷன் குடுத்ததில்லப்பா.”

முதல் வளைவு. எரியவில்லை. இரண்டு... எரிந்தது. மூன்றில் இல்லை. நான்கில் எரிந்தது. ஐந்திலும் இல்லை, ஆறிலும் இல்லை. அடுத்ததில் நன்றாகவே எரிந்தது. ஒவ்வொரு வளைவிலும் “எரியுது”, “இல்ல” என்று கத்திக்கொண்டே இறங்கினேன். எதிரே வந்த ஜீப்காரர் ஒருவர் வண்டியை மெதுவாக்கி, தலையை நீட்டி, “என்னண்ணே, வழி தெரியலையா?” என்று கேட்டுவிட்டுப் போனார். வனிதா நோட்டால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மலை முடிந்து முந்தலில் டீக்கடை ஓரமாக நிறுத்தினேன். டீயை வாங்கிக்கொண்டு நோட்டைப் பிரித்தேன். இல்லை, எரிந்தது, இல்லை, எரிந்தது, இல்லை, இல்லை... ஒரு ஒழுங்கும் பிடிபடவில்லை. சாவி கை மாறப் போகிறது என்று நினைத்தேன்.

அப்போதுதான் கவனித்தேன். ஒவ்வொரு நம்பருக்குப் பக்கத்திலும் வனிதா சின்னதாக ஓர் அம்புக்குறி போட்டிருந்தாள்.

“இது என்ன?”

“வண்டி எந்தப் பக்கம் திரும்புச்சுன்னு. வார்டுல எதைப் பாத்தாலும் சேத்துக் குறிச்சுக்கணும்பாங்க. அந்தப் பழக்கம்.”

அம்புக்குறிகளின் மேல் விரலை வைத்து இறங்கினேன். எரிந்த வளைவு எல்லாமே இடது பக்கம். வலது பக்கம் திரும்பியதில் ஒன்றுகூட எரியவில்லை. ஒன்றுகூட.

வனிதாவும் பார்த்துவிட்டாள். நோட்டை என் கையிலிருந்து வாங்கி, இன்னொரு முறை மேலிருந்து கீழே படித்தாள். அந்த நான்கு நாளில் முதல்முறையாக அவள் என்னைக் கிண்டல் செய்யவில்லை.

“ஈரம்னா எடம் வலம் பாத்து எரியுமாப்பா?”

 கையிலிருந்த கண்ணாடி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டீ பாதிக்கும் கீழே இருந்தது. டம்ளரைச் சாய்த்தேன். டீ ஒரு பக்கமாக ஒதுங்கியது. மறுபக்கம் அடிக்கண்ணாடி தெரிந்தது. நேராக வைத்தால் இருக்கிறது. சாய்த்தால் ஒரு பக்கம் இல்லை.

“வண்டியில ஏறு ஆத்தா,” என்றேன். “வெரசா.”

பாண்டி அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார். நோட்டை அவர் முன்னால் விரித்து, டம்ளரில் டீ சாய்ந்த கதையையும் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். டிபன் பாக்ஸை மூடினார். இடது வளைவில் வண்டி வலது பக்கம்தானே சாயும்? ஜாக்கியை எடுத்து, காரின் இடது பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்க ஆரம்பித்தார்.

“வனிதா, சாவியத் திருப்பிட்டு, கைபிரேக்கையும் எறக்கிட்டு உக்காரும்மா. லைட்டு வந்தா சொல்லு.”

இன்னும் கொஞ்சம் தூக்கினார். இன்னும் கொஞ்சம். அந்த ஒர்க்‌ஷாப்பில் ஜாக்கியையும் வனிதாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“வந்திருச்சு,” என்றாள் வனிதா.

பாண்டி ஜாக்கியை இறக்கினார். அணைந்தது. மறுபடி தூக்கினார். எரிந்தது. எனக்கு ஒரு குதி குதிக்கலாம் போல இருந்தது. மலையின் இடது வளைவு ஒன்றை அப்படியே பெயர்த்து ஒர்க்‌ஷாப்புக்குள் கொண்டுவந்துவிட்டோமே.

“நீங்க சொன்னதுதாண்ணே. ஆயிலு கோட்டை ஒட்டி நிக்குது. சாஞ்சா டப்பாவுக்குள்ள மிதவை எறங்கி லைட்டப் போட்டுருது. ஆனா ஒழுகலும் இல்லாம ஆயிலு எங்க போச்சு?”

கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் முன்சக்கரத்தைக் கழற்றினார். சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கிற பிரேக் பேடு இரண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சுண்டுவிரல் அகலத்துக்கு இருக்க வேண்டியது, அப்பளம் மாதிரி இருந்தது.

பேடு தேயத் தேய, அந்த இடைவெளியை நிரப்ப ஆயில் கீழே இறங்குமாம். அதனால்தான் டப்பாவில் குறைந்திருக்கிறது.

“வியாழக்கிழமை சக்கரத்தக் கழட்டிப் பாத்திருக்கணும். என் தப்புதான்,” என்றார் பாண்டி. “பல்பைப் புடுங்கியிருந்தாலோ, சும்மா ஆயில ஊத்திவிட்டிருந்தாலோ லைட்டு அணைஞ்சிருக்கும். இதும் தீந்திருக்கும்... பாப்பா கையில.”

 நான் வனிதாவைப் பார்த்தேன். அவள் அந்தப் பேடைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசகர்களே, அந்த நிமிஷத்தில் எனக்கு எத்தனை பெருமை தெரியுமா? என் வாழ்க்கையில் நான் பயந்து, அந்தப் பயம் சரியாகப் போனது அதுதான் முதல் தடவை. அதை ஒரு அரை நிமிஷமாவது அனுபவித்திருப்பேனா...

“போட்டு ஏழு மாசந்தான ஆச்சு,” என்றார் பாண்டி. “அதுக்குள்ள இம்புட்டுத் தேய்மானமா? மலையில யாருண்ணே ஓட்டுனது?”

“நாந்தான்.”

“எப்பிடி எறங்குவீங்க?”

“பிரேக்ல கால வச்சு... பத்திரமாத்தான்.”

“எந்த எடத்துல கால எடுப்பீங்க?”

நான் யோசித்தேன். “முந்தல்ல.”

வனிதாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பாண்டி பொறுமையாகச் சொன்னார்: “எந்தக் கியர்ல ஏறுனீங்களோ அதே கியர்ல எறங்கணும்ண்ணே. இன்ஜினே புடிச்சுக்கிரும். பிரேக்கு வளைவுக்கு மட்டுந்தான்.”

இது ஜீப்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆனால் பயந்தவன் கால் சொன்னதைக் கேட்குமா? விளக்கைப் பார்க்க வைத்தது என் பயம். அந்த விளக்கை எரிய வைத்ததும் அதே பயம்தான். பயத்தில் பாதி எச்சரிக்கை, பாதி தேய்மானம் போலிருக்கிறது. எது எந்தப் பாதி என்று முன்கூட்டியே சொல்ல எந்தக் கருவியும் இன்னும் வரவில்லை.

புது பேடு மாட்டி, பழைய ஆயிலை எடுத்துவிட்டுப் புதிது ஊற்றினார் பாண்டி. ஜாக்கியில் தூக்கிப் பார்த்தோம். எரியவில்லை. சாவியை நானே வனிதாவிடம் கொடுத்தேன்.

திங்கட்கிழமை அவள்தான் ஓட்டினாள். முதல் நாள் என்பதால் நானும் கூடப் போனேன். சாயங்காலம் இரண்டாவது கியரில், பதினேழு வளைவும், வளைவுக்கு மட்டும் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு இறங்கினாள். விளக்கு கண்ணைத் திறக்கவே இல்லை.

பக்கத்து சீட்டில், என் வலது காலுக்குக் கீழே இருந்த ரப்பர் மேட்தான் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது.