லோக்கல் போன பிறகு

புனேயில், ஹிஞ்சேவாடி நெரிசலில் கம்பெனி வண்டி அசையாமல் நின்றபோதுதான் தேவகி இறந்துவிட்ட செய்தி வந்தது. மாரடைப்பு. படித்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம். வேலையைப் பாதியில் போட்டுவிட்டுப் போகிற ஆளா அவர்?

அவரை அறிந்த உங்களுக்கு அறிமுகம் தேவையில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கோவைக்காரர். ரயில் பாதைகளைத் திட்டமிடும் எங்கள் அலுவலகத்தில் பாதுகாப்புப் பிரிவைக் கவனித்தவர். நான் அங்கே கால அட்டவணை போடுகிறவன். வண்டி எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேரும் என்பது என் கவலை, வழியில் யார் குறுக்கே வருவார்கள் என்பது அவர் கவலை. எங்களுக்குள் சண்டை இல்லாத நாள் குறைவு.

கட்கிப் பக்கம், லோக்கல் ரயில் ஓடும் பழைய பாதையை ஒட்டி, நிற்காமல் போகும் வேக வண்டிகளுக்காகப் புதுப் பாதை போட்டிருக்கிறோம். அங்கே மதில் சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு ஓர் உடைப்பு. எங்கள் வரைபடத்தில் சுவர் முழுசாக இருக்கிறது. தேவகி ஒருநாள் என்னை அங்கே இழுத்துப் போனார். லோக்கல் கடந்ததுதான் தாமதம், காத்திருந்த கூட்டம் முழுவதும் தண்டவாளத்தில் இறங்கியது. பக்கத்துத் தொழிற்சாலைக் குடியிருப்பிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரர் மல்லிகாக்கா, காய்கறிப் பையோடு எங்களைத் திரும்பிப் பார்த்தார். "லோக்கல் போச்சு, ரஸ்தா காலி. இன்னும் ஏன் நிக்கிறீங்கோ? சலோ, சலோ!"

தேவகி நகரவில்லை. "போற ரயிலைத்தானுங்க இவங்க பாக்கறாங்க. அது மறைச்சுட்டுப் போறப்பவே புதுப் பாதையில இன்னொண்ணு வந்துருமுங்க" என்றார். அதுவரை அந்த இடம் எனக்கு அட்டவணையில் ஒரு கோடு மட்டும்தான்.

சுரங்க நடைபாதை கேட்டு ஒவ்வொரு கூட்டத்திலும் மல்லுக்கு நின்றார். எங்கள் மேலாளர், சென்னைக்காரர், நல்ல மனிதர்தான், அதை இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளினார். "சுவரை அடைச்சுட்டா பிரச்சினை முடிஞ்சுதே மேடம்." அதற்கு தேவகி சொன்னது: "அடைச்சா பக்கத்துல உடைப்பாங்க சார். மனுசங்க மேப்பைப் பாத்து நடக்கறதில்லீங்க." அடைத்தார்கள். பத்தடி தள்ளி உடைந்தது.

வேக வண்டிகளின் சோதனை ஓட்டம் தொடங்கியதிலிருந்து தேவகி தினமும் காலையில் அங்கே போய் நின்றார். லோக்கல் போனதும் கையைக் குறுக்கே நீட்டி, "நில்லுங்க, அந்தப் பக்கமும் பாருங்க" என்பார். "சிக்னல் அம்மா வந்தாச்சு" என்று கேலி செய்தபடியே ஜனங்கள் நின்றார்கள்.

தகனம் முடிந்து அவர் வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது, மேம்பாலம் தூரம் என்று நாங்களும் அந்த உடைப்பு வழியாகவே வந்தோம். வெட்கமாகத்தான் இருக்கிறது. லோக்கல் கடந்தது. மேலாளர் தேவகியைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே இறங்கினார். கூட வந்த மல்லிகாக்கா பாய்ந்து அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தார். "ருக்கோ சார், நில்லுங்கோ!"

வேக வண்டி எங்கள் முகத்துக்கு நேரே போயிற்று. லோக்கலின் இரைச்சலில் அது வருகிற சத்தமே கேட்கவில்லை. போன பிறகுதான் காற்று அடித்தது.

மேலாளர் சுவரோரம் பின்வாங்கினார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அன்றாவது அவர் வாயிலிருந்து அந்தச் சுரங்கப்பாதை வரும் என்று நான் காத்திருந்தேன். கடைசியில் சொன்னார்: "நாளைக்கே இந்தச் சுவரை அடைக்கச் சொல்றேன்."

அடுத்த மாதம் பயணிகளோடு வேக வண்டி ஓடப் போகிறது. தேவகியிடமிருந்து எனக்கு மிஞ்சியது, லோக்கல் போன பிறகும் நிற்கும் அந்தப் பழக்கம். அலுவலகம் போகும் முன் நான் போய் அங்கே நின்று கையை நீட்டுகிறேன். மாலையில் நிற்க இன்னும் ஆள் கிடைக்கவில்லை.