ஐஸ் லொறிக்கு மூச்சு முட்டிய நாள்

எழுபதுகளில் திருகோணமலைத் துறைமுகத்தடியில் லொறி ஓட்டிக்கொண்டிருந்தேன். என்ஜின் நின்றால் என் கையும் காலும் சேர்ந்து நின்றுவிடும். வாய் மட்டும் ஓடும்.

ஒருநாள் குடாவுக்கு அக்கரையில் உள்ள மூதூர்க் கரையில் வலை நிறையப் பாரையும் அறக்குளாவும் பட்டிருந்தன. அவற்றை வாங்கிய வியாபாரி, மீனை ஈரச் சாக்கால் மூடிவிட்டு முதல் லோஞ்சுப் படகில் பட்டணத்துக்கு வந்தார். லோஞ்சுக்காரர் சனத்தோடு ஐஸ் ஏற்ற மறுத்ததால் என் லொறியைப் பிடித்தார். பதினெட்டுக் கட்டி ஐஸை உமிக்குள் புதைத்து ஏற்றினோம். மதியத்துக்குள் போய்ச் சேராவிட்டால் மீன் எல்லாம் கருவாடுதான். வியாபாரி எனக்கு மூத்த முஸ்லிம், ஆகவே அவர் எனக்குக் காக்கா, அண்ணன் முறை.

அந்தக் காலத்தில் மூதூருக்குத் தரைவழியாகப் போகிறவன் களப்பு, ஆறு என்று பல இடங்களில் பாதையில் ஏற வேண்டும். பாதை என்றால் வாகனங்களை அக்கரை சேர்க்கும் மிதவை. ஏறி இறங்கும்போது லொறிச் சில்லுகள் அச்சு முட்டத் தண்ணீருக்குள் போகும். டீசல் டாங்கிக்குள் உப்புத்தண்ணீர் போகாமல் இருக்க, மூடியைப் பழைய டியூப் றப்பரால் கட்டுவோம், கரையேறியதும் அவிழ்ப்போம். அன்று ஒவ்வொரு தடவையும் அவிழ்த்துக் கட்டுவது வீண் வேலை என்று எனக்குப் பட்டது. கிண்ணியாவில் கட்டினதை அப்படியே விட்டேன்.

குறிஞ்சாக்கேணி தாண்டி இரண்டு மைல்கட்டை போயிருப்போம். லொறி இழுவை குறைந்து, இருமி, நின்றது. டீசல் முடிந்ததோ என்று றப்பரை அவிழ்த்து மூடியைத் திறந்து தடி விட்டுப் பார்த்தேன், அரைவாசி இருந்தது. மூடியைத் திரும்பக் கட்டினேன். பில்டரைக் கழற்றிக் கழுவி, திருகாணியைத் தளர்த்தி உள்ளே அடைபட்ட காற்றை எடுத்தேன். ஸ்டார்ட் ஆனது. பில்டர் ஊத்தை என்று காக்காவுக்கு ஒரு பிரசங்கமே செய்தேன்.

இன்னும் இரண்டு கட்டை. திரும்பவும் இருமல், திரும்பவும் நின்றது. டாங்கியில் ஓட்டையோ என்ற பயத்தில் தடி விட்டேன், டீசல் இருந்தது. இந்தமுறை றப்பரை இரண்டு சுற்று கூடவே சுற்றினேன். பிறகு டீசலை இழுத்துக் கொடுக்கும் சின்னப் பம்பைக் கழற்றி, ஊதி, பூட்டினேன். ஸ்டார்ட் ஆனது. பிரசங்கத்தை மாற்றினேன்: பம்புதான் பிழை.

மூன்றாம் முறை நின்றபோது லொறியின் பின்பக்கமிருந்து தண்ணீர் ஒழுகத் தொடங்கியிருந்தது. நான் தலையில் கைவைத்துத் தெருவோரம் குந்திவிட்டேன். பெரிய பம்பு போய்விட்டது, கொழும்பிலிருந்து சாமான் வரவேணும், கிழமைக்கணக்காகும் என்று புலம்பினேன். ஐஸ் அவருடையது, மீன் அவருடையது, அழுதது நான்.

காக்கா சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு கேட்டார்:

"தம்பி, பம்பு மௌத்து எண்டு சொல்றீங்க. செத்த மையத்து எழும்பி ரெண்டு கட்டை ஓடுமா?"

"ஓடாது காக்கா."

"அப்ப அழுறத விட்டுட்டு, ரெண்டு தரமும் என்ன செஞ்சீங்க எண்டு சொல்லுங்க. பொய் கலக்காம."

சொன்னேன். முதல்தரம் தடி, பில்டர். இரண்டாந்தரம் தடி, பம்பு.

"ரெண்டுலயும் தடி இருக்கே," என்றார்.

எழுந்துபோய் முதலில் பில்டர்த் திருகாணியைத் தளர்த்தி, சின்னப் பம்பின் கைப்பிடியை அடித்துப் பார்த்தேன். ஒரு சொட்டும் வரவில்லை. வேறொன்றிலும் கைவைக்காமல் டாங்கி மூடியின் றப்பரை அவிழ்த்தேன். 'உஸ்ஸ்' என்று காற்று உள்ளே பாய்ந்தது. திரும்பக் கைப்பிடியை அடித்தேன். முதலில் நுரையாக, பிறகு முழு டீசலாக என் முகத்திலேயே அடித்தது. மூடியில் காற்றுப் போக ஒரு ஊசித்துளை உண்டு. அதைக் கட்டினால், டீசல் குறையக் குறைய டாங்கி உள்ளுக்கு இழுத்துப் பிடிக்கும். பம்பால் உறிஞ்ச ஏலாது. தடி விட மூடியைத் திறந்தபோதெல்லாம் லொறி மூச்சு வாங்கியிருக்கிறது. புகழை நான் பில்டருக்கும் பம்புக்கும் பிரித்துக் கொடுத்திருக்கிறேன்.

காக்கா சிரிக்கவில்லை. "ஓம், இனி ஓட்டுங்க," என்றார். அது சிரித்திருந்தால் வந்திருக்கும் வெட்கத்தைவிடக் கூடவாக இருந்தது.

மூதூர் சேரும்போது மதியம் நன்றாகச் சாய்ந்துவிட்டது. உமியைக் கிளறினால் பதினெட்டில் ஏழுதான் கட்டியென்று சொல்லத்தக்கதாக இருந்தது. விலை கூடிய அறக்குளாவுக்கு மட்டும்தான் அது காணும். அதை ஐஸில் அடுக்கிவிட்டு, பாரைகளைக் கருவாட்டுக்குக் கீற ஆட்கள் குந்தினார்கள். பொழுதுபட்டால் பாதை ஓடாது. மறுநாள் காலைதான் மீனோடு திரும்பலாம். கேட்பதற்கு முன்னமே ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு நானும் குந்தினேன்.

ஐந்தாறு பாரை கீறியிருப்பேன். காக்கா வந்து நான் கீறியதில் ஒன்றைத் தூக்கி, வெயிலில் அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இதச் சந்தைக்கு அனுப்ப ஏலாது தம்பி," என்றார். "உப்பச் சுமந்து தாங்க, போதும்."

இருட்டும்வரை உப்பு சுமந்தேன்.