வெண்டைக்காய் விவாதம்

திருக்கனூரில் எங்கள் விதைக்கடைக்கென்று நான் வலைப்பதிவு தொடங்கியபோது என் கணவரும் நாத்தனாரும் மட்டும்தான் படித்தார்கள். விவசாயம் எழுதுகிற மற்றவர்களின் பதிவுகளைத் தேடிப் போய், "அருமை, என் பக்கத்துக்கும் வாருங்கள்" என்று எழுதிவிட்டு வருவேன். யாரும் வரவில்லை.

பாகூரில் கரும்பு பயிரிடும் ஒருவரும் எழுதிவந்தார். கோடையில் வெண்டை போட்டால் மஞ்சள் நோய் வரும், யாரும் போடவேண்டாம் என்று ஒருநாள் எழுதியிருந்தார். எங்கள் பக்கம் கோடையில்தான் பலரும் போடுகிறார்கள். நோயைத் தாங்கும் ரகம் இருக்கிறது என்று எழுதினேன். "விதை விற்பவர் வேறெப்படிச் சொல்வார்?" என்று பதில் போட்டார். எனக்குச் சுருக்கென்றது. வாடிக்கையாளர் ஒருவரின் வயலைப் படமெடுத்துப் போட்டேன். அவர் விடவில்லை, நானும் விடவில்லை. வேடிக்கை பார்க்கவே ஆட்கள் சேர்ந்தார்கள்.

"வாங்க வர்றவங்ககிட்டயே சண்டை போட்டா யாவாரம் இன்னாத்துக்கு ஆவும்?" என்றார் கணவர்.

ஒரு வாரத்தில் அந்த மனிதரே பைக்கில் கடைக்கு வந்து நின்றார்.

"வெண்டைக்காய்க்குச் சண்டை போட்டது நீங்கதானா? அந்தக் கொல்லைய நேர்ல பாக்கணும்."

கடையைக் கணவரிடம் விட்டுவிட்டு அழைத்துப் போனேன். வரப்பில் நடந்தவர் ஓரிடத்தில் குனிந்தார். நான் படமெடுக்காமல் விட்ட மூலை அது.

"இன்னாங்க, இங்கயும் மஞ்ச இருக்கே?"

"இருக்கு. அங்கங்க வரும். மத்ததெல்லாம் காய்க்குது பாருங்க."

காய் ஒன்றை ஒடித்துப் பார்த்தார். "எனக்கு மொத்தமாப் போச்சு. ரகம் பாக்காம வாங்கிட்டேன் போல."

அன்றிரவே எழுதினார். காய்த்த செடியையும் மஞ்சளான செடியையும் அருகருகே படமாகப் போட்டு, அங்கங்கே மஞ்சள் வரும் என்று நான் சொன்னதையும் எழுதி, என் பதிவுக்கு இணைப்பும் கொடுத்திருந்தார். மஞ்சள் செடியைப் பார்த்ததும் எனக்குப் பயம்தான். விதை விற்குமா என்று யோசித்துக்கொண்டே படுத்தேன்.

மறுநாள் பாகூர்ப் பக்கமிருந்து ஒரு பெண் போன் செய்தார். "மஞ்ச வரும்னு நீங்களே சொன்னீங்களாமே? அப்ப உங்ககிட்டயே வாங்கிக்கறேன்." பிறகு வேறு சிலரும் கூப்பிட்டார்கள்.

அதற்குப்பின் யார் பக்கத்திலும் நான் "அருமை" என்று எழுதுவதில்லை. முழுதாகப் படித்து, தெரிந்ததைச் சொல்கிறேன், இல்லையென்றால் கேட்கிறேன். இப்போது நாலைந்து பேர் ஒருவர் பதிவில் மற்றவர் கருத்து எழுதுகிறோம். பாகூர்க்காரர் போன வாரம் மணிலா, அதாவது வேர்க்கடலை பற்றிய என் பதிவில் ஒரு தப்பு கண்டுபிடித்திருக்கிறார். அவர் சொல்வது சரிதான் போலிருக்கிறது. திருத்தவேண்டும்.