தோள்பட்டியைத் தரையில் பூட்டினேன்

“இவருடைய தலையிலோ தோளிலோ பாரமான பொருள் ஏதும் விழுந்ததா?” என்று மருத்துவர் ஆங்கிலத்தில் கேட்டார். கட்டிலில் மல்லாந்து கிடந்த ஹமீது பாய்க்கு ஆங்கிலம் தெரியாது. அதற்காகத்தான் என்னை வார்டுக்குள் விட்டிருந்தார்கள். நான் பாயிடம் எதையும் கேட்காமல், “இல்லை” என்று பதில் சொன்னேன்.

மருத்துவர் நெற்றியைச் சுருக்கினார். உயரத்திலிருந்து விழுந்தவர்களுக்கும், மூட்டை சரிந்து தோளில் விழுந்தவர்களுக்கும் வருகிற முறிவு இது என்றார். முதுகெலும்பின் ஒரு கணு மேலிருந்து கீழாக நசுங்கியிருந்தது. காரை நேரே கொண்டுபோய் மண்மேட்டில் மோதியவருக்கு இது எப்படி வந்தது என்பது அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

“என்ன சொல்றாரு தம்பி?” என்று பாய் கேட்டார்.

“முதுகெலும்புல அடி. மாவுக்கட்டுப் போடணுமாம்” என்றேன். மற்றதை மொழிபெயர்க்கவில்லை.

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த மெர்டேக்காவுக்கு அடுத்த ஆண்டு நடந்தது இது. அப்போது எங்கள் ஊரில் காஜா பேராங் பகுதியில் ஒரு கார் வொர்க்ஷாப்பில் நான் ஸ்டோர் பொறுப்பில் இருந்தேன். பட்டறையில் சீனியர் கேம்பிரிட்ஜ் பள்ளிப் பரீட்சை தேறியவன் நான் ஒருவன்தான். பாகங்களின் பட்டியல், மேனுவல், கடிதம் எல்லாம் என் மேசைக்கு வரும். என் படிப்பின் மேல் எனக்கிருந்த மதிப்பு கொஞ்சம் அதிகம்தான்.

1. மூன்று பெல்ட்

ஹமீது பாய் டவுனில் துணிக்கடை வைத்திருந்தார். வார நாட்களில் கடைக்கும் வீட்டுக்கும் ஓடுகிற அதே சலூன் காரை, மோட்டார் கிளப்புக்காரர்கள் பழைய விமான ஓடுதளத்தில் கூடும் ஞாயிற்றுக்கிழமைகளில் வேகமாக ஓட்டிப் பார்ப்பார். அந்த மாதம் கிளப் புதிதாக ஒரு விதி போட்டிருந்தது: ஓட்டுபவர் பெல்ட் கட்டியிருக்க வேண்டும். அப்போது எங்கள் ஊர்க் கார்களில் பெல்ட் என்று ஒன்றே கிடையாது.

ராணுவத்தார் ஏலம் விட்ட சாமான்களில் விமானி கட்டிக்கொள்ளும் பெல்ட்டுகள் மூன்று என் ஸ்டோரில் கிடந்தன. ஒன்று இடுப்புக்கு மட்டும். மற்ற இரண்டும் நான்கு பட்டிகள் நெஞ்சில் ஒன்றுசேர்ந்து ஒரே பின்னில் பூட்டிக்கொள்பவை. அவற்றில் ஒன்றின் தோள்பட்டிகள் நீளம், மற்றதன் பட்டிகள் குட்டை.

பாய் மூன்றையும் மேசையில் பரப்பிப் பார்த்தார். “இடுப்பு மட்டும் வேணாம். ஸ்டீயரிங் நெஞ்சுல குத்தும். இந்த நீளமானத எங்க மாட்டுவீங்க?”

எங்கள் ஃபிட்டர் நடேசன்தான் இடத்தைக் காட்டினார். அவர் கம்போங் செட்டிக்காரர்; பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய தமிழ் வம்சம். தமிழ் பேசமாட்டார், மலாய்தான். அவர் பேசியதை எல்லாம் இங்கே தமிழில் எழுதுகிறேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அண்ணன் என்ற பொருளில் ‘அபாங்’ என்றுதான் அழைப்போம். பின்சீட்டுக்கு மேலாகப் பட்டிகளைக் கொண்டுபோய், அதன் பின்னால் உள்ள இரும்புத் தட்டில் பூட்ட வேண்டும் என்றார்.

பாய் சிரித்துவிட்டார். “வெள்ளிக்கிழமை எங்க உம்மா பின்னால உட்காரும். மூஞ்சிக்கு முன்னால ரெண்டு வார் ஓடுனா, ‘ஏன்டா, ஆட்டக் கட்டவா கார் வாங்குன?’ன்னு கேக்கும்.”

“கொக்கி வெச்சுத் தர்றேன். திங்கட்கிழமை கழட்டிடலாம்” என்றார் நடேசன். “ஒரு வாரம் ஆகும்.”

“வர்ற ஞாயித்துக்கிழமை ஓட்டணும் லா!”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் குட்டைப் பட்டி பெல்ட்டை எடுத்தேன். முன்சீட்டின் முதுகுக்கு மேலாகப் போட்டு, சீட்டுக்கு நேர் பின்னால் தரையில் போல்ட் அடித்தால் போதும் என்றேன். பின்சீட்டுக்கு இடைஞ்சல் இல்லை. பாய்க்கு மகிழ்ச்சி.

நடேசன் வேலையை முடித்துவிட்டு, தானே சீட்டில் உட்கார்ந்து பின்னைப் பூட்டிக்கொண்டு இரண்டு முறை முன்னால் பாய்ந்து பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“சாலா” என்றார். தப்பு என்று அர்த்தம். “ஆள் முன்னால போறான். பட்டி அவனப் பின்னால இழுக்கணும். இது கீழ இழுக்குது. தோள்ல அரிசி மூட்ட வெச்ச மாதிரி இருக்கு. நீ உக்காந்து பாரு.”

நான் உட்காரவில்லை. பாயும் இரண்டு மெக்கானிக்குகளும் பக்கத்தில் நின்றிருந்தார்கள். “அபாங், இதுக்கு மேனுவல் இருக்கு. அத நீங்க படிச்சீங்களா, நான் படிச்சேனா?” என்றேன். மெக்கானிக்குகள் சிரித்தார்கள். நடேசன் ஸ்பானரைத் துடைத்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

என்னிடம் இருந்தது பெல்ட்டுடன் வந்த ஒற்றைத்தாள் குறிப்பு. அதில் படமே இல்லை. தோள்பட்டி பின்னோக்கிச் செல்ல வேண்டும் என்று ஒரு வரி மட்டும் இருந்தது. அந்த வரியை நான் படித்திருந்தேன்.

2. நன்றி

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது சுற்றில் பாயின் காருக்குப் பிரேக் பிடிக்கவில்லை. ஓடுதளத்தின் கோடியில் இருந்த மண்மேட்டில் நேராக மோதியது. நாங்கள் ஓடிப்போனபோது அவர் பெல்ட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒரு கீறல் இல்லை. “தம்பி, கால எங்க வெச்சேன்னு தெரியல” என்றார். சில நாட்களில் காலில் உணர்ச்சி திரும்பியது. முதுகு சரியாகவில்லை.

மருத்துவமனைக்கு வந்தவர்களிடமெல்லாம் பாய் என்னைக் காட்டி, “இந்தத் தம்பி மாட்டுன பெல்ட்டு இல்லேன்னா நான் மௌத்து” என்றார். அதிலும் பாதி உண்மை இருந்தது. பெல்ட் இல்லாமல் இருந்தால் கண்ணாடியில் போய் விழுந்திருப்பார். அந்தப் பாதி உண்மையை வைத்துக்கொண்டு நான் நான்கு மாதம் வாய் திறக்கவில்லை.

அதற்குள், பாய் சொல்லி அனுப்பினார் என்று மூன்று பேர் கார் கொண்டுவந்தார்கள். அவருக்கு மாட்டியதைப் போலவே வேண்டும் என்றார்கள். மாட்டேன் என்றால் காரணம் சொல்ல வேண்டும். பெல்ட்டுகளை வரவழைத்தேன். நடேசன், “நான் தொட மாட்டேன். ஓட்டை போடணும்னா நீயே போடு” என்று சொல்லிவிட்டார். மூன்று கார்களின் தரையிலும் நானே டிரில் பிடித்து ஓட்டை போட்டேன்.

3. துணிக்கடையில்

நான்காம் மாதம் கடைக்குப் போனேன். பாய் நின்றுகொண்டே வியாபாரம் செய்தார். கால் மணி நேரத்துக்கு மேல் அவரால் உட்கார முடியாது. வாடிக்கையாளர் போகும்வரை காத்திருந்தேன்.

“பாய், பெல்ட்டத் தரையில பூட்டுனது தப்பு. உங்க முதுகு அதனாலதான் நசுங்குச்சு” என்றேன்.

அவர் கையிலிருந்த துணியை மடித்து வைத்தார். “எப்பத் தெரியும்?”

“டாக்டர் கேட்டப்பவே. நடேசன் முன்னாடியே சொன்னாரு.”

திட்டுவார் என்று எதிர்பார்த்து நின்றேன்.

“நான் அனுப்புன மூணு பேருக்கும் மாட்டுனீங்களா?”

“மாட்டுனேன்.”

“இதே மாதிரியா?”

“இதே மாதிரிதான்.”

அதுவரை அவர் முகத்தில் பார்க்காத பயத்தை அப்போது பார்த்தேன். “இங்க எதுக்கு நிக்கிறீங்க? போய் மூணையும் கழட்டுங்க. மன்னிப்பெல்லாம் கழட்டிட்டு வந்து கேளுங்க.”

அன்றே இரண்டு கார்களைக் கண்டுபிடித்துக் கழற்றினோம். நடேசன் தானாகவே கூட வந்தார். மூன்றாவது கார் நான் வாய் மூடியிருந்த மாதங்களில் கைமாறிவிட்டது. வாங்கியவர் ஈப்போ பக்கத்து ஆள் என்றார்கள். தரகருக்கு எழுதினேன். பதிவு அலுவலகத்துக்கு எழுதினேன். இரண்டு முறை ஈப்போவுக்கு ரயில் ஏறிப் போய் வொர்க்ஷாப் வொர்க்ஷாப்பாகக் கேட்டேன். கிடைக்கவில்லை.

இன்று பந்தயத் தடத்தில் சொந்தக் காரை ஓட்டும் இளைஞர்களுக்கும், அவர்களுக்குப் பெல்ட் மாட்டித் தருபவர்களுக்கும் சொல்கிறேன். தோள்பட்டி தோளிலிருந்து பின்னோக்கிப் போகட்டும்; சற்றுத் தாழலாம், தரைக்கு இறங்கக் கூடாது. பின்சீட்டை விட்டுக்கொடுக்க மனமில்லை என்றால் அந்தப் பெல்ட்டை வாங்காதீர்கள். மாட்டியவர் முதலில் அதில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மாட்டியது தவறு என்று தெரிந்த நாளிலேயே, அது எத்தனை கார்களில் இருக்கிறதோ அத்தனை பேர் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டும்.

ஹமீது பாய் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அந்தக் கடையில் நின்றுகொண்டு துணி விற்றார். மூன்றையும் கழற்றிவிட்டுத்தான் மன்னிப்புக் கேட்க வரச் சொல்லியிருந்தார். நான் இரண்டைத்தான் கழற்றியிருந்தேன். அதனால் போகவில்லை.