மச்சான் கன்னத்து வேர்வை

எங்கள் காயல்பட்டினத்தில் கல்யாணம் முடிந்தால் பெண் எங்கும் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேர்வார். அப்படி என் அக்காவை, எங்கள் பேச்சில் லாத்தாவை, கட்டி எங்கள் வீட்டுக்கு வந்த மச்சானுக்கு வலது காதுக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி இருந்தது. புது மாப்பிள்ளையின் முகத்தை உற்றுப் பார்ப்பதே மரியாதைக் குறைவு, இதில் கட்டியைப் பற்றி யார் கேட்பது? எல்லாரும் அவருடைய இடது பக்கத்தையே பார்த்துப் பேசினார்கள். நான்தான் சாப்பாட்டு நேரத்தில், "மச்சான், அது வலிக்குமா?" என்று கேட்டு, உம்மாவிடம் தொடையில் கிள்ளு வாங்கினேன்.

வலிக்காதாம். ரொம்ப வருஷமாக இருக்கிறதாம். ஆனால் பேச்சு வந்த பிறகு சும்மா இருக்க முடியுமா? தூத்துக்குடியில் ஒரு டாக்டரிடம் போனார்கள். வாப்பா துபாயில் இருந்தார், என்னை விட்டுப்போக ஆளில்லை, நானும் போனேன். ஊசி குத்திச் சோதித்துவிட்டு, எச்சில் சுரப்பியில் வந்த கட்டி, புற்றுநோய் இல்லை என்றார் டாக்டர். உம்மா "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். அந்த மூச்சு அடங்குவதற்குள், ஆனாலும் எடுத்துவிட வேண்டும், விட்டால் வளரும், என்றாவது கெட்டதாக மாறவும் செய்யலாம் என்றார். கெடுதல் இல்லாததை எதற்கு வெட்ட வேண்டும்? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அடுத்தது இன்னும் குழப்பம். கட்டியை மட்டும் நோண்டி எடுத்தால் சின்ன வேலை, ஆனால் துணுக்கு தங்கினாலும் திரும்ப முளைக்கும். சுரப்பியின் மேல்பகுதியோடு சேர்த்து எடுத்தால் திரும்ப வருவது அபூர்வம். ஆனால் முகத்தை அசைக்கும் நரம்பு அதன் நடுவேதான் போகிறது. சில மாதம் வாய் கோணலாம், அபூர்வமாக அப்படியே நின்றும் விடலாம். மச்சான் சின்ன வேலையே போதும் என்றார். புது மாப்பிள்ளை, சிரிப்புப் போய்விடுமோ என்ற பயம் குரலிலேயே தெரிந்தது.

அதுவரை எங்கள் முன்னால் அவரோடு பேசியே இராத லாத்தா, "முழுசா எடுத்துருங்க டாக்டர். அந்த மொகத்தப் பாக்கப் போறது நான்தானே, எப்படி இருந்தா என்ன?" என்றாள். உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். மச்சான் முகமெல்லாம் சிவந்து, "சரி" என்றார்.

ஆபரேஷனுக்குப் பிறகு சில மாதம் அரைச் சிரிப்பு. அப்புறம் முழுச் சிரிப்பும் வந்துவிட்டது. அப்பாடா என்று இருந்தபோதுதான் புதுக் கூத்து. சாப்பிட உட்கார்ந்தால் வலது கன்னம் மட்டும் வேர்த்து ஊற்றியது. மருமகனுக்குக் காரம் கூடிவிட்டது என்று பதறிய உம்மா மிளகாயைக் குறைத்துக்கொண்டே போனாள். வாயில் வைக்க முடியாத மீன்குழம்பை வீடே சாப்பிட்டது. வெறும் கஞ்சிக்கும் வேர்த்தது. மச்சானோ, "நல்லாருக்கு மாமி" என்று வேர்த்தபடியே சாப்பிட்டார்.

ஆண்கள் எழுந்த பிறகு பெண்கள் சாப்பிட உட்காரும் வீடு அது. ஆனால் லாத்தா இப்போது துண்டோடு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, கன்னத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சுகக்கேடு என்பதால் யாரும் எதுவும் சொல்லவில்லை.

மறுபடி டாக்டரிடம் போனோம். எச்சிலுக்குப் போன நரம்பு வழி தப்பி வேர்வைச் சுரப்பியில் சேர்ந்துவிட்டது, ஆபத்தில்லை, கன்னத்தில் ஊசி போட்டால் நிற்கும் என்றார். மச்சான் வேண்டவே வேண்டாம் என்றார். லாத்தாவும், "இருந்துட்டுப் போவுது டாக்டர்" என்றாள். உம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள், இருவரும் அசையவில்லை.

கழுத்தையே அறுக்கக் கொடுத்த மனுஷருக்கு இத்துனூண்டு ஊசிக்கு என்ன பயம் என்று நான் வெகுநாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.