ஜாகிரின் கிடாருக்கு நான் செய்த ஸ்பீக்கர் பெட்டி

கருகிய வார்னிஷ் வாசனை. அதோடு பிளாஸ்டிக் தீய்ந்த நாற்றமும் கொஞ்சம்... பதினாலு வருடமாகியும் என் மூக்கை விட்டுப் போகவில்லை.

முந்தாநாள் ஒரு போன் வந்தது. அதிலிருந்து எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

அப்போது உச்சிப்புளியில் ஒரு மைக்செட் கடையில் எனக்கு வேலை. கோவில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து... எங்கே கூப்பிட்டாலும் குழாய் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

ஜாகிர் என்னோடு படித்தவன். கிடார் என்றால் அவனுக்கு உயிர். அவன் மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த சின்ன ஆம்ப் ஒன்று வைத்திருந்தான். வீட்டுக்குள் வாசிக்க அது போதும். மேடையில் வைத்தால் முதல் வரிசைக்கே கேட்காது.

அவனுக்கு சவூதி விசா வந்துவிட்டது. கிளம்ப நாலே நாள். அதற்குள் சிக்கல் என்ற ஊர்ப் பக்கம் ஒரு முளைப்பாரித் திருவிழாவில் பாட்டுக் கச்சேரி, எங்கள் கடை மைக்செட். கச்சேரிக்காரர்களைக் கெஞ்சிக் கூத்தாடி, ஒரே ஒரு பாட்டுக்கு இவன் வாசிக்கலாம் என்று சம்மதம் வாங்கிவிட்டேன். அவன் ஏறப்போகும் முதல் மேடை அது.

"இந்த ஆம்ப வச்சு எப்புடிப் பங்காளி? டிரம்ஸ் சத்தத்துல அமுங்கிப் போயிருமே" என்றான்.

"ஏலே, நான் எதுக்கு இருக்கேன்? தனியா ஒரு பெட்டி செஞ்சு பின்னாடி சொருகிருவோம்."

என் வாயைத் தைக்க அன்றைக்கு ஆள் இல்லை.

இரண்டு நாள் வேலை. கடையில் கிடந்த பழைய மேடைப் பலகையிலிருந்து பிளைவுட் வெட்டினோம். ஆணியில் கயிறு கட்டிச் சுற்றி வட்டம் போட்டு, ரம்பத்தால் அறுத்தோம். வட்டம் கோழிமுட்டை மாதிரி வந்தது. சந்துகளை எம்-சீல் வைத்து அடைத்தோம். உள்ளே போட ஒரு பழைய தலையணையைக் கிழித்து இலவம்பஞ்சு. கடை முழுக்கப் பறந்த பஞ்சைப் பார்த்து முதலாளி விட்ட வசவை இங்கே எழுத முடியாது.

முன்பக்கம் மூடத் துணி வேண்டும். ஜாகிர் வீட்டுக்குப் போய், அவன் அப்பா பெருநாளுக்கென்று எடுத்து வைத்திருந்த புதுக் கைலியைக் கொண்டுவந்துவிட்டான். பச்சைக் கட்டம்.

"உங்க அத்தா கேட்டா?"

"கேக்குறப்ப நான் சவூதியில இருப்பேன்."

உள்ளே பெரிய ஸ்பீக்கர் இரண்டு. வயரிங்கில் நான் யோசிக்கவே இல்லை. திருவிழாவில் எத்தனை குழாய் கட்டினாலும் ஒரே வயரில் அடுத்தடுத்துக் கொக்கி போட்டுக்கொண்டே போவோம், ஊர் முனையிலிருந்து கண்மாய்க்கரை வரைக்கும். ஒன்றும் ஆகாது. பழகிய கை... இதையும் அப்படியே முறுக்கிச் சேர்த்துவிட்டது.

பக்கத்துப் பள்ளிவாசலில் சாயங்கால அஸர் தொழுகை நேரம் என்பதால் மெதுவாகத்தான் வைத்துப் பார்த்தோம். அருமையாகக் கேட்டது. எனக்குத் தரையில் கால் பாவவில்லை. மேடையில் அந்தப் பெட்டி மேல் சாய்ந்துகொண்டு, போகிற வருகிற ஆளிடமெல்லாம் "நம்ம செஞ்சதுதான்" என்று சொல்லிக்கொண்டு நின்றேன்.

ஜாகிரின் பாட்டு வந்தது. சத்தத்தை முழுசாக ஏற்றினோம். பல்லவி முடிகிற வரைக்கும், சத்தியமாகச் சொல்கிறேன், கூட்டமே அவனைத்தான் பார்த்தது. சரணத்தில் ஒரு "டப்". ஆம்புக்குப் பின்னாலிருந்து புகை.

கீபோர்டுக்காரர் சமாளித்துப் பாட்டை ஓட்டிவிட்டார். கூட்டத்தில் நாலு பேர் விசிலடித்தார்கள். ஜாகிர் பாட்டு முடிகிற வரை கிடாரைப் பிடித்தபடியே நின்றான். கீழே இறங்கி வந்து என் தோளில் கை போட்டான்.

"விடு பங்காளி. கரண்டு கூடக் கொறைய வந்துருக்கும்."

நானும் அதையே நம்பினேன். அவன் விமானம் ஏறிவிட்டான்.

நாலைந்து வருடம் கழித்து மதுரையில் ஒரு ஆம்ப் மெக்கானிக்கிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். குழாய் ஸ்பீக்கருக்கு உள்ளேயே டிரான்ஸ்பார்மர் உண்டு, அதனால் தாங்கும். கிடார் ஆம்பில் அப்படி ஒரே வயரில் இணையாகச் சேர்த்தால் சேர்க்கச் சேர்க்கச் சுமை ஏறி ஆம்ப் வெந்துபோகும். அதாவது கரண்டு இல்லை. நான்.

ஜாகிரிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒவ்வொரு பெருநாளுக்கும் பேசுவோம். எல்லாம் பேசுவேன், இதைத் தவிர.

முந்தாநாள் அவன்தான் கூப்பிட்டான். ஊரில் இருக்கும் அவன் மகள் கிடார் கத்துக்கொள்கிறாளாம். "அந்த மாதிரி ஒரு பெட்டி செஞ்சு குடு பங்காளி" என்றான். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவன் சிரித்தான்.

"தெரியும்லே."

"என்ன தெரியும்?"

"அன்னைக்கு மேடையில வயரு சொருகுறப்பவே பாத்தேன். எட்டு ஓமுக்குக் கீழ ஸ்பீக்கர் போடாதன்னு ஆம்பு பின்னாடி எழுதிருந்துச்சு. நீ சேத்துருந்தது நாலுதான். ஒரு பாட்டுத்தானே, தாங்கிரும்னு நெனச்சேன்."

"ஏன்லே சொல்லல?"

"நீ அந்தப் பெட்டி மேல சாஞ்சு நின்ன நிப்பு அப்புடி. எப்புடிச் சொல்றது?"

அதற்குப் பிறகு எப்போதாவது வாசித்தாயா என்று கேட்டேன்.

"எங்க... இங்கன டூட்டிக்குப் போகவும் தூங்கவும் சரியாப் போச்சு."

இப்போது எனக்குச் சொந்தக் கடை. மைக் லேசாக இரைந்தால் போதும், கச்சேரி முடிவதற்குள் போனில் வீடியோவோடு போட்டு என் மானத்தை வாங்கிவிடுகிறார்கள். தப்பில்லை, இரைந்தால் இரைச்சல்தானே.

ஆனால் ஜாகிருக்கு இருந்தது ஒரே ஒரு மேடை. என் முகம் வாடக்கூடாது என்று அதையே பணயம் வைக்கத் துணிந்துவிட்டான். நான் என்னடாவென்றால், இத்தனை வருடமும் உண்மையைச் சொல்லாமல் அவன் மனசை நான் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்...